24 கிராம் வெள்ளி, விலை ஒரு கோடி டாலர்! பழைய அமெரிக்க நாணயங்களுக்கு அப்படி என்ன மவுசு?

2013 ஜனவரி மாதம். நியூயார்க்கில் நடந்த ஒரு ஏலத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெள்ளிக்காசு விற்பனைக்கு வந்தது. ஏலம் முடிந்தபோது அதன் விலை 1,00,16,875 டாலர். அன்றைய நிலவரப்படி நம்ம ஊர் பணத்தில் 50 கோடி ரூபாய்க்கும் மேல். ஒரு நாணயம் ஏலத்தில் ஒரு கோடி டாலரைத் தாண்டியது அதுதான் முதல் முறை.

இத்தனைக்கும் அந்தக் காசில் இருக்கும் சுத்த வெள்ளி சுமார் 24 கிராம்தான். உருக்கி விற்றால் சில ஆயிரம் ரூபாய் கிடைக்கும், அவ்வளவுதான். அப்படியானால் மீதி 50 கோடி எதற்கு? பழசு என்பதற்காகவா? அதுவும் இல்லை. அதைவிட 1,500 ஆண்டுகள் பழமையான ரோமானிய வெள்ளிக்காசுகளைச் சில ஆயிரம் ரூபாய்க்கே வாங்க முடிகிறது.

அமெரிக்காவின் ஆரம்பகால வெள்ளி நாணயங்களுக்கு ஏன் இந்த விலை? எதைப் பார்த்து சேகரிப்பாளர்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள்? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

1794 டாலர்: எல்லாம் இங்கிருந்துதான் தொடக்கம்

அமெரிக்கா சுதந்திரம் பெற்ற புதிதில் அந்த நாட்டுக்கென்று சொந்த வெள்ளிக்காசு கிடையாது. கடைத்தெருவில் புழங்கியது பெரும்பாலும் ஸ்பானிய டாலர். மெக்சிகோ, பெரு போன்ற ஸ்பெயினின் குடியேற்றங்களில் அச்சான காசு அது. 1792 ஏப்ரல் 2-ல் வந்த நாணயச் சட்டம்தான் இந்த நிலையை மாற்றியது. பிலடெல்பியாவில் அரசு நாணயச்சாலை அமைக்கவும், ஒரு டாலரில் எவ்வளவு வெள்ளி இருக்க வேண்டும் என்று வரையறுக்கவும் இந்தச் சட்டம் வழி செய்தது. காசில் வேண்டுமென்றே வெள்ளியைக் குறைக்கும் நாணயச்சாலை அதிகாரிக்கு மரண தண்டனை என்று கூட அதில் எழுதப்பட்டிருந்தது. அரசின் மானமே அந்தக் காசில் இருப்பதாக நினைத்த காலம் அது.

ஆனால், சட்டம் வந்தும் இரண்டு ஆண்டுகளுக்கு டாலர் அச்சாகவில்லை. காரணம் என்ன தெரியுமா? வெள்ளியையும் தங்கத்தையும் கையாளும் தலைமை நாணய அச்சாளரும், உலோகப் பரிசோதகரும் தலா 10,000 டாலர் பிணையம் கட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. அவர்களின் ஆண்டுச் சம்பளத்தைப் போல ஆறேழு மடங்கு தொகை இது. அவர்களால் கட்ட முடியவில்லை. எனவே 1793-ல் செப்புக்காசுகள் மட்டுமே வெளிவந்தன. 1794 மார்ச் மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் பிணையத் தொகையைக் குறைத்த பிறகுதான் வெள்ளி வேலை தொடங்கியது.

அடுத்த சிக்கல், இயந்திரம். டாலர் அளவுக்குப் பெரிய காசை அழுத்தி அச்சிடும் பெரிய அச்சு எந்திரம் அப்போது நாணயச்சாலையில் இல்லை. சிறிய காசுகளுக்கான எந்திரத்தில்தான் டாலரையும் அடித்தார்கள். அழுத்தம் போதவில்லை. சுமார் 2,000 காசுகள் அச்சடித்து, தேறாதவற்றைக் கழித்துவிட்டு, 1794 அக்டோபர் 15-ம் தேதி 1,758 டாலர்களை மட்டும் ஒப்படைத்தார்கள். அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். அடுத்த ஆண்டு பெரிய எந்திரம் வந்த பிறகே மீண்டும் டாலர் அச்சானது.

அந்த 1,758-ல் இன்று மிஞ்சியிருப்பவை 130 முதல் 150 வரை இருக்கலாம் என்பது நாணயவியலாளர்களின் கணிப்பு.

குறைவாக அச்சிட்டாலே விலை ஏறிவிடுமா?

இங்குதான் பலர் தவறு செய்கிறார்கள். 'குறைவாக இருக்கிறது, அதனால் விலை அதிகம்' என்பது பாதி உண்மைதான். ஒரு காசின் விலையை முடிவு செய்வது, எத்தனை அச்சிட்டார்கள் என்பது கிடையாது. எத்தனை மிச்சம் இருக்கிறது, அதை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற இரண்டும் சேர்ந்துதான் விலை.

ஓர் உதாரணம். 1795-ல் வந்த டாலரும் 1794 டாலரும் ஒரே வடிவமைப்புதான். முன்பக்கம் கூந்தல் அலையும் சுதந்திர தேவியின் முகம், பின்பக்கம் கழுகு. 'அலைபாயும் கூந்தல்' டாலர் என்றே இரண்டையும் சொல்கிறார்கள். ஆனால் 1795-ல் இந்த வடிவில் 1,60,000-க்கும் அதிகமான டாலர்கள் அச்சாயின. அதனால் ஓரளவு தேய்ந்த 1795 டாலரைச் சில ஆயிரம் டாலருக்கு வாங்கலாம். அதே அளவு தேய்ந்த 1794 டாலர் என்றால் ஒரு லட்சம் டாலர் அளவுக்குப் போகும். முகம் ஒன்று, கழுகு ஒன்று, உள்ளே இருக்கும் வெள்ளியும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது ஓர் இலக்கம் மட்டுமே.

சேகரிப்பாளர்களில் பலர் 'ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு காசு' என்று வரிசை சேர்ப்பவர்கள். அந்த வரிசையில் 1794 என்ற குழி காலியாக இருந்தால் மனசு கேட்காது. ஆயிரக்கணக்கானோர் ஒரே குழியை நிரப்ப முயலும்போது, இருப்பது 140 காசு என்றால் போட்டி எப்படி இருக்கும்?

இன்னொரு வகையினர் 'ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு காசு' சேர்ப்பவர்கள். 1796-ம் ஆண்டின் கால் டாலர் இவர்களால்தான் விலை ஏறியது. அமெரிக்காவின் முதல் கால் டாலர் அது. மொத்தம் அச்சானது 6,146 மட்டுமே. அதற்குப் பிறகு 1804 வரை கால் டாலரே அச்சிடவில்லை. 1804-ல் மீண்டும் தொடங்கியபோது பின்பக்கக் கழுகின் வடிவம் மாறிவிட்டது. அதாவது, சின்னக் கழுகு போட்ட கால் டாலர் வேண்டும் என்றால் 1796-ஐ விட்டால் வேறு வழியே இல்லை. 1796, 1797 ஆகிய இரு ஆண்டுகளின் அரை டாலர்களுக்கும் இதே கதைதான். இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 3,918 காசுகள்தான் அச்சாயின.

ஏன் இவ்வளவு குறைவாக அச்சிட்டார்கள்?

அரசு தன் விருப்பப்படி காசு அடித்துத் தள்ளிய காலம் அல்ல அது. வணிகர்களும் வங்கிகளும் தங்களிடம் இருக்கும் வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்தால், நாணயச்சாலை அதைக் காசாக்கித் திருப்பித் தரும். யார் வெள்ளி கொடுத்தார்களோ அவர்கள் எந்தக் காசு கேட்டார்களோ அதுதான் அச்சாகும். பெரும்பாலோர் டாலராகவே கேட்டார்கள். கால் டாலரையும், 10 சென்ட், 5 சென்ட் வெள்ளிக்காசுகளையும் கேட்க ஆளில்லை. சில ஆண்டுகளில் அவை அச்சாகாமலே போனதற்கும், மிகக் குறைவாக அச்சானதற்கும் இதுதான் அடிப்படைக் காரணம்.

காணாமல் போன காசுகள்: இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு

அச்சான காசுகள் எங்கே போயின? பெரும்பாலானவை உருகிவிட்டன என்பதுதான் பதில்.

அமெரிக்க டாலரின் எடை ஸ்பானிய டாலரைவிட ஒரு பொடி குறைவு. ஆனால் மேற்கிந்தியத் தீவுகளில் இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டார்கள். வணிகர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். புத்தம்புது அமெரிக்க டாலரைக் கப்பலில் கொண்டுபோய், எடை கூடுதலான ஸ்பானிய டாலராக மாற்றி, அதை நாணயச்சாலையில் கொடுத்துப் புது டாலராக்கி, மீண்டும் கப்பலேற்றினார்கள். மக்கள் கைக்குக் காசு வரவே இல்லை. அரசு செலவில் வணிகர்களுக்கு லாபம். வெறுத்துப்போன நாணயச்சாலை 1804-ல் டாலர் அச்சிடுவதையே நிறுத்தியது. அடுத்த டாலர் வர 1836 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெளிநாடு போன காசுகளில் பெரும்பகுதி அங்கேயே உருக்கப்பட்டது.

இரண்டாவது அலை 1850-களில் வந்தது. கலிபோர்னியாவில் தங்கம் கொட்டியதால், தங்கத்தோடு ஒப்பிடும்போது வெள்ளியின் மதிப்பு ஏறியது. அரை டாலர் காசை உருக்கினால் அரை டாலருக்கு மேல் கிடைத்தது. யார்தான் சும்மா இருப்பார்கள்? 1853-ல் அரசு டாலர் தவிர்த்த வெள்ளிக்காசுகள் பெரும்பாலானவற்றின் எடையைச் சுமார் 7 சதவீதம் குறைத்தது. எடை குறைந்த புதுக் காசு என்று காட்ட, ஆண்டுக்கு இருபுறமும் சிறு அம்புக்குறி போட்டார்கள். அதே 1853-ல் நியூ ஆர்லியன்சில் அச்சான, அம்புக்குறி இல்லாத பழைய எடை அரை டாலர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சின. இன்று ஓர் அம்புக்குறி இருக்கிறதா இல்லையா என்பதில் பல லட்சம் டாலர் வித்தியாசம்.

மூன்றாவது அலையில் இந்தியா வருகிறது. முதல் உலகப்போர் காலத்தில், பிரிட்டிஷ் இந்தியாவில் காகித நோட்டைக் கொடுத்தால் வெள்ளி ரூபாய் தர வேண்டும் என்பது விதி. 1918-ல் மக்கள் நம்பிக்கை இழந்து நோட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். அரசிடம் வெள்ளி இல்லை. பிரிட்டன் அமெரிக்காவிடம் கைநீட்டியது. 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டத்தை நிறைவேற்றி, கருவூலத்தில் கிடந்த சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் பெரும்பகுதி இந்திய ரூபாய்க்கான வெள்ளியாகக் கப்பலேறியது.

உருகியவை பெரும்பாலும் 1878-க்குப் பிறகு வந்த மோர்கன் டாலர்கள். எந்த ஆண்டுக் காசு எத்தனை உருகியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அதனால்தான் இன்றும் அச்சு எண்ணிக்கையை மட்டும் நம்பி மோர்கன் டாலருக்கு விலை சொல்ல முடியாது. நம் தாத்தா பாட்டி காலத்துப் பெட்டிகளில் இருந்த வெள்ளி ரூபாய்களில் சில, ஒருகாலத்தில் அமெரிக்க டாலராக இருந்திருக்கக்கூடும்.

1804 டாலர்: 1804-ல் பிறக்காத 'நாணயங்களின் ராஜா'

அமெரிக்க நாணயங்களிலேயே மிகப் புகழ்பெற்றது எது என்று கேட்டால், சேகரிப்பாளர்கள் 1804 டாலரைத்தான் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அதில் ஒன்றுகூட 1804-ல் அச்சானது இல்லை.

நாணயச்சாலையின் ஏடுகள் 1804-ல் 19,570 டாலர்கள் அச்சானதாகச் சொல்கின்றன. அது உண்மைதான். ஆனால் அச்சுக்கட்டைகள் விலை உயர்ந்தவை; உடையும்வரை பழைய ஆண்டுக் கட்டையையே பயன்படுத்துவது அன்றைய வழக்கம். எனவே அந்தக் காசுகளில் 1803-ம் அதற்கு முந்தைய ஆண்டும்தான் இருந்தன.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1834-ல், ஆசிய நாடுகளோடு வணிக ஒப்பந்தம் செய்ய அமெரிக்கத் தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ் புறப்படத் தயாரானார். சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசாக, அமெரிக்காவின் எல்லா நாணயங்களும் அடங்கிய பெட்டி வேண்டும் என்று உத்தரவு வந்தது. டாலர் அப்போது அச்சில் இல்லை. ஏட்டைப் புரட்டிய அதிகாரிகள், கடைசியாக டாலர் வந்தது 1804 என்று பார்த்து, அதே ஆண்டைப் போட்டுப் புதிதாகக் கட்டை செய்து சில காசுகளை அடித்தார்கள். ராபர்ட்ஸ் அவற்றை மஸ்கட்டிலும் சயாமிலும் கொடுத்துவிட்டு, 1836-ல் மக்காவில் நோயால் இறந்துபோனார்.

காலப்போக்கில் சேகரிப்பாளர்களுக்கு விஷயம் தெரிய, 1804 டாலருக்கு அடிபிடி தொடங்கியது. 1850-களின் இறுதியில் நாணயச்சாலை ஊழியர்கள் சிலர் ரகசியமாக இன்னும் சிலவற்றை அடித்து விற்றனர். 1834 காலத்துக் காசுகள் முதல் வகுப்பு, பின்னால் திருட்டுத்தனமாக அடித்தவை இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று இன்று பிரிக்கிறார்கள். நீண்ட காலமாக மொத்தம் 15 காசுகள் மட்டுமே அறியப்பட்டிருந்தன. முதல் வகுப்பில் 8, இரண்டாம் வகுப்பில் 1, மூன்றாம் வகுப்பில் 6. அந்த ஒரே ஒரு இரண்டாம் வகுப்புக் காசு இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மஸ்கட் சுல்தானுக்குக் கொடுத்ததாகக் கருதப்படும் காசு 1999-ல் 41,40,000 டாலருக்கு ஏலம் போனது. அதே காசு 2021 ஆகஸ்டில் 76,80,000 டாலர். சயாம் மன்னருக்குக் கொடுத்த முழுப்பெட்டி 2005-ல் 85 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

ஆண்டு பொய், அச்சிட்ட நோக்கம் வேறு, சிலவற்றின் பிறப்பே முறைகேடு. இருந்தும் இந்த விலை! காரணம், அந்தக் காசுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதற்கு ஆதாரமும் இருக்கிறது.

ஒரு கிராம் காசு, 25 லட்சம் டாலர்

அமெரிக்கா என்ற நாடு உருவாவதற்கு முன்பே அங்கே வெள்ளிக்காசு அச்சான கதையும் உண்டு. 1652-ல் மாசசூசெட்ஸ் குடியேற்றம், பிரிட்டன் அரசின் அனுமதி இல்லாமலே பாஸ்டனில் ஒரு நாணயச்சாலையைத் தொடங்கியது. ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் என்ற இரண்டு தட்டார்கள் அதை நடத்தினார்கள். காசு ஊரைவிட்டு வெளியேறாமல் இருக்க, இங்கிலாந்து ஷில்லிங்கைவிட எடையைக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைத்தார்கள்.

முதலில் வந்த காசுகள் படு எளிமை. ஒரு பக்கம் நியூ இங்கிலாந்தைக் குறிக்கும் இரண்டு எழுத்து, மறுபக்கம் மதிப்பு. மற்றபடி வழவழ வெள்ளித் தகடு. ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடினாலும் தெரியாது. அதனால் சில மாதங்களிலேயே வடிவத்தை மாற்றி, மரம் பொறித்த காசுகளைக் கொண்டுவந்தார்கள். 'பைன் மர ஷில்லிங்' என்று புகழ்பெற்றவை அவற்றில் கடைசி வகை. சுமார் 30 ஆண்டுகள் அச்சானாலும், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் 1652 என்றே போட்டார்கள். அந்த ஆண்டில் இங்கிலாந்தில் மன்னர் ஆட்சி இல்லை. எனவே மன்னரின் உரிமையை மீறியதாகப் பின்னாளில் யாரும் கேட்க முடியாது என்பதற்காகச் செய்த தந்திரம் இது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

அந்த எளிமையான முதல் காசுகளில் ஒன்று, மூன்று பென்ஸ் மதிப்புள்ளது, நெதர்லாந்தில் ஒரு பழைய அலமாரியில் கிடைத்தது. எடை 1.1 கிராம். 2024 நவம்பரில் அது ஏலம் போன விலை 25,20,000 டாலர். காசு கிடந்த சிறு பெட்டியில், அது பாஸ்டனின் க்வின்சி குடும்பத்திடமிருந்து வந்ததாகப் பழைய கையெழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ், நெதர்லாந்தில் தூதராக இருந்தவர். அவர் மனைவி அபிகெயில் க்வின்சி குடும்பத்து வாரிசு. ஒரு துண்டுச்சீட்டு இப்படி ஒரு தொடர்பைக் காட்டும்போது, காசுக்குத் தனி மவுசு வந்துவிடுகிறது. யார் கையில் இருந்தது என்ற இந்த வரலாற்றுக்கு, சேகரிப்பு உலகில் ரொம்பவே மதிப்பு உண்டு.

தேய்மானத்துக்கும் மார்க் உண்டு

இரண்டு பேரிடம் ஒரே ஆண்டு டாலர் இருக்கிறது. ஒருவருடையது ஒரு லட்சம் டாலர், மற்றவருடையது ஒரு கோடி டாலர். இது எப்படி?

காசின் நிலையை 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டு அளக்கிறார்கள். 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்கச் செப்புக்காசுகளுக்காக உருவாக்கிய அளவுகோல் இது. 1 என்றால் இன்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரியும். 60-க்கு மேல் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. 1980-களின் நடுவில் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் வந்து, காசைச் சோதித்து, மதிப்பெண் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரை வைத்துத் தரத் தொடங்கின. ஒரு கோடி டாலருக்குப் போன அந்த 1794 டாலர் வாங்கிய மதிப்பெண் 66.

மேல் மதிப்பெண்களில் ஒவ்வொரு படிக்கும் விலை தாவும். 64 வாங்கிய காசுக்கும் 66 வாங்கிய காசுக்கும் வெறும் கண்ணால் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் விலை பல மடங்கு மாறலாம். 'உலகிலேயே சிறந்த காசு என்னிடம்தான் இருக்கிறது' என்று சொல்லும் பெருமைக்குத்தான் அந்தக் கூடுதல் பணம்.

பெரிய குறை என்று நாம் நினைப்பது சில சமயம் குறையே இல்லை. 1790-களின் டாலர்களில் அரம் போட்டு ராவிய கீறல்கள் இருக்கும். அச்சிடும் முன் வெள்ளித்தகட்டை எடை போட்டு, கூடுதலாக இருந்தால் ராவிக் குறைப்பார்கள். எடை குறைந்தால்? நடுவில் துளையிட்டு ஒரு சின்ன வெள்ளித் தக்கையைச் செருகி, அதன்மேல் அச்சடிப்பார்கள். ஒரு கோடி டாலர் காசில் அந்தத் தக்கை இருக்கிறது. தக்கையோடு அறியப்பட்ட 1794 டாலர் அது ஒன்றுதான்.

மாறாக, நல்லது என்று நினைத்துச் செய்யும் ஒரு காரியம் விலையைக் கெடுத்துவிடும். அதுதான் தேய்த்துக் கழுவுவது. நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கைப் பளபளவென்று துலக்குவோம் இல்லையா? பழைய காசைத் துலக்கினால் கதை முடிந்தது. காலம் வெள்ளியின்மேல் படரவிட்ட நீலம், பழுப்பு, பொன் நிறப் படிவமும், அச்சின் அழுத்தத்தில் வந்த அசல் மினுமினுப்பும் அதோடு போய்விடும். பிறகு எத்தனை கோடி கொடுத்தாலும் திரும்பாது. கழுவப்பட்ட காசுக்குத் தர நிறுவனங்கள் வழக்கமான மதிப்பெண்ணே தருவதில்லை. விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

விலை எப்போதும் ஏறிக்கொண்டே போகுமா?

போகாது. அதற்கும் அதே 1794 டாலரே சாட்சி. 2010-ல் அதன் விலை 78.5 லட்சம் டாலர். 2013-ல் ஒரு கோடியைத் தாண்டியது. ஆனால் 2020 அக்டோபரில் லாஸ் வேகாஸில் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது, கேட்ட விலை 92.5 லட்சம் டாலரோடு நின்றுவிட்டது. உரிமையாளர் வைத்த குறைந்தபட்ச விலையை அது எட்டாததால் காசு விற்கவில்லை. பிறகு 2022-ல் ஏலம் இல்லாமல் நேரடி விற்பனையில் 1.2 கோடி டாலருக்குக் கைமாறியது.

இந்த மாதிரி காசுகளை வாங்கக்கூடியவர்கள் உலகம் முழுக்கச் சில பேர்தான். அந்த நாளில் அவர்களில் இரண்டு பேருக்காவது ஒரே நேரத்தில் ஆசை வர வேண்டும். வராவிட்டால் விலை படுத்துவிடும். பங்குச்சந்தை போல நினைத்த நேரத்தில் விற்றுவிட்டு வர முடியாது.

போலிகள்: பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் 'கோடி ரூபாய்' காசு

1804 டாலருக்கு விலை ஏறிய நாளிலிருந்தே போலியும் கூடவே வருகிறது. 1801-ம் ஆண்டுக் காசின் கடைசி எண்ணைச் செதுக்கி 4 ஆக்குவது பழைய தந்திரம். இன்று முழுக் காசையே வார்த்து விற்கிறார்கள். ஆசிய நாடுகளின் சுற்றுலாச் சந்தைகளிலும், இணையத்திலும் 1794, 1804 ஆண்டு போட்ட 'டாலர்கள்' மலிவாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவில் 1973-ல் வந்த சட்டப்படி, நகல் நாணயத்தில் 'காப்பி' என்று பொறித்தே ஆக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் போலிகள் இதைக் கண்டுகொள்வதில்லை.

முதல் சோதனை எடை. அசல் ஆரம்பகால டாலரின் எடை சுமார் 27 கிராம் இருக்க வேண்டும். பல போலிகள் இதிலேயே தோற்றுவிடும். காந்தம் ஒட்டினால் அது வெள்ளியே இல்லை. அசல் டாலரின் ஓரத்தில் 'ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்' என்ற எழுத்து பொறித்திருக்கும். வார்ப்புப் போலிகளில் ஓரத்தைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரியும். இவை எல்லாவற்றிலும் தேறினாலும் அசல் என்று முடிவு கட்ட முடியாது. அந்தக் கால அச்சுக்கட்டைகள் ஒவ்வொன்றும் கையால் செதுக்கியவை. நட்சத்திரம் எங்கே இருக்கிறது, எழுத்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு கட்டையின் கைரேகையையும் நூல்களாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் காசு அதில் எந்தக் கட்டையோடும் பொருந்தாவிட்டால், அது போலி என்றே சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் வீட்டில் பழைய வெள்ளி டாலர் இருந்தால்?

வெளிநாட்டில் வேலை பார்த்த உறவினர் கொண்டுவந்தது, தாத்தா பெட்டியில் கிடந்தது என்று சில வீடுகளில் அமெரிக்க வெள்ளிக்காசு இருப்பதுண்டு. பெரும்பாலும் அவை 1878-க்குப் பிந்தைய மோர்கன் டாலர்களாகவோ, 1921-க்குப் பிந்தைய பீஸ் டாலர்களாகவோ இருக்கும். அவற்றில் பலவற்றின் விலை, வெள்ளி விலையைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

இருந்தாலும் செய்ய வேண்டியவை மூன்று. காசைத் துலக்காதீர்கள், விரலால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். நகை எடை போடும் தராசில் எடை பாருங்கள். அதோடு வந்த உறை, சீட்டு, கடிதம் எதையும் தூக்கி எறியாதீர்கள். நெதர்லாந்து அலமாரியில் கிடந்த பெட்டியின் கதையே அதற்குச் சாட்சி.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. 'உங்கள் பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணமும் வரியும் கட்டுங்கள்' என்று சமூக வலைதளத்தில் வரும் விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். பழைய நோட்டு, நாணயங்களை வாங்கி விற்பதில் தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. உண்மையான சேகரிப்பாளர் காசைக் கையில் வாங்கிப் பார்ப்பார், எடை போடுவார், பிறகு அவர்தான் உங்களுக்குப் பணம் தருவார். உங்களிடம் முன்பணம் கேட்கிறார் என்றால், அவர் குறி உங்கள் காசின்மேல் இல்லை, உங்கள் வங்கிக்கணக்கின்மேல்தான்.